ஆறில்லாத ஊரில் ஒரு வள்ளப் பயணம்

வெள்ளி: குருநகர், மண்டைதீவுக் கரை

யாழ்ப்பாணத்தில் ஆறு கிடையாது. வழுக்கையாறு இருக்கிறதே என்று சண்டைக்கு வருபவர்கள் மார்கழியில் வரட்டும். சித்திரையில் வந்தால் அதற்குள் மாடு மேய்வதைத்தான் காட்டலாம். மழைக்கு மட்டும் ஓடி அராலியில் கடலோடு சேரும் அந்த ஒன்றை விட்டால், குடாநாடு முழுக்கச் சுண்ணாம்புக்கல். பெய்கிற மழை நேரே கீழே இறங்கிக் கிணற்றுக்குப் போய்விடும்.

ஆனால் வள்ளம் விடத் தண்ணீர் இல்லையென்று யாரும் சொல்லமுடியாது. ஊருக்குள் எந்தப் பக்கம் போனாலும் கொஞ்ச நேரத்தில் ஒரு பரவைக்கடல், அதாவது ஆழமில்லாத களப்பு, குறுக்கே வந்துவிடுகிறது. நாங்கள் அதைப் பஸ் யன்னலுக்குள்ளால் பார்த்துவிட்டு, மணத்துக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு போகிறவர்கள். இந்த மாசி மாதம் கொஞ்சம் லீவு கிடைத்ததால், அந்தத் தண்ணீரில் இறங்கிப் பார்ப்பது என்று முடிவெடுத்தேன். மாசி நல்ல காலம். வாடைக்காற்று அடங்கியிருக்கும், சோளகம் என்ற தென்மேற்குக் காற்று இன்னும் பிறந்திருக்காது, வெளிநாட்டுப் பறவைகளும் திரும்பிப் போயிருக்காது.

குருநகரில் நண்பனின் மாமா ஒருவர் தன் பிளாஸ்டிக் படகில் கூட்டிப்போகச் சம்மதித்தார். சின்னப் படகு, மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சின். விடிய நாலரைக்கே வரச்சொன்னார். கரையை விட்டுக் கொஞ்சத் தூரம் போனதும் எஞ்சினைத் தூக்கிவிட்டுக் கம்பை ஊன்றிப் படகைத் தள்ளத் தொடங்கினார். எனக்கு விளங்கவில்லை. கரை எங்கேயோ தெரிகிறது, சுற்றிவரக் கடல். "இறங்கிப் பாருங்கோ" என்றார். இறங்கினேன். முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே தண்ணீர், கீழே சதசதவென்று சேறு.

"காலைத் தூக்கி வைக்காதேங்கோ தம்பி. இழுத்து இழுத்து நடவுங்கோ. திருக்கை சேத்துக்குள்ளை படுத்திருக்கும். கால் முட்டினால் அது ஓடிவிடும், மேலை மிதிச்சால்தான் முள்ளாலை அடிக்கும்."

அதற்குப் பிறகு நான் இழுத்துத்தான் நடந்தேன்.

அவருடைய களங்கண்ணி மண்டைதீவுப் பக்கம் இருக்கிறது. இதை வலை என்று சொல்வதைவிட வீடு என்று சொல்லலாம். கரைப் பக்கமிருந்து ஆழத்தை நோக்கி நேர்கோட்டில் தடிகளை நட்டு, அதில் வலையைக் கட்டி நீளமாக ஒரு வேலி. கரையோரம் மேயவரும் மீன் அந்த வேலியில் முட்டும். முட்டிய மீன் கரைக்குத் திரும்பாது, ஆழத்துப் பக்கம்தான் விலகும். அப்படியே வேலியைப் பிடித்துக்கொண்டு போனால் முடிவில் ஒரு வாசல். உள்ளே வளைவாக ஒரு அறை, அதற்கும் உள்ளே இன்னொரு சின்ன அறை. வாசல்கள் உள்நோக்கி ஒடுங்கியிருப்பதால் வந்த வழி பிடிபடாது. சுற்றிச் சுற்றி உள்ளேயே நிற்கும். ஆள் அலையத் தேவையில்லை, இரையும் தேவையில்லை, மீனின் புத்தியைத் தெரிந்திருந்தால் போதும். விடியற்புறம் போய்க் கடைசி அறைக்குள் இறங்கிக் கோலி எடுப்பதுதான் வேலை.

இன்றைக்கு ஒரு பெட்டிக்கு இறால், கொஞ்சம் திரளி, கொஞ்சம் ஓரா, ஏழெட்டு நண்டு. ஓராவைக் கையால் பிடிக்கவிடவில்லை. அதன் முள் குத்தினால் அன்றைக்கு முழுக்கக் கடுக்குமாம். நண்டில் நீலநிறமாய் இருந்தவை எல்லாம் ஆண். பெண் மண்நிறம். ஒரு பெண் நண்டைத் திருப்பிக் காட்டினார். வயிற்று மடிப்புக்கு வெளியே பஞ்சுபோல் முட்டைகள், கறுத்த சாம்பல் நிறத்தில். செம்மஞ்சளாய் இருந்தால் புதிது, கறுத்தால் இன்றோ நாளையோ கடலில் உதிர்த்துவிடும் என்றார். அதைத் திருப்பித் தண்ணீரில் விட்டார். எல்லாரும் விடுவார்களா என்று கேட்டேன். சிரித்தார். இந்த நண்டின் சதை தகரத்தில் அடைபட்டு அமெரிக்கா வரைக்கும் போகிறது. விலை அப்படி இருக்கும்போது விடுகிற மனம் எத்தனை பேருக்கு வரும் என்று சொல்லத் தெரியவில்லை.

திரும்பும் வழியில் பண்ணை வீதி தெரிந்தது. தீவுப் பக்கம் போகும் பஸ்கள் வரிசையாய் ஓடுகின்றன. மாமா அந்தப் பக்கம் கையைக் காட்டி, "உது எங்களுக்குப் பாலம் இல்லைத் தம்பி, மதில்" என்றார். கல்லும் மண்ணும் கொட்டி உயர்த்திய வீதி. நடுவில் தண்ணீர் போக அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சின்னத் திறப்புகள். அந்தப் பக்கத் தண்ணீர் இந்தப் பக்கம் தாராளமாக வந்துபோகமுடியாது. நீரோட்டம் குறைந்தால் சேறு தங்கும், சேறு தங்கினால் ஆழம் குறையும், இறால் குஞ்சு உள்ளே வரும் வழியும் சுருங்கும். நான் எத்தனையோ தரம் அந்த வீதியால் போயிருக்கிறேன். அழகான வீதி என்றுதான் நினைத்திருந்தேன்.

சனி: கொழும்புத்துறையிலிருந்து கிழக்கே

இன்றைக்கு நீண்ட ஓட்டம். அதே படகு, அதே மாமா, கூட அவருடைய மருமகன். கொழும்புத்துறை இறங்குதுறையில் என்னை ஏற்றிக்கொண்டார்கள். ஒரு காலத்தில் பூநகரிக்குப் போகிறவர்கள் இங்கிருந்துதான் வள்ளம் ஏறினார்கள். அங்கிருந்து நெல்லு வரும், இங்கிருந்து சாமான் போகும். இப்போது பின்னேரத்தில் காற்றுவாங்க வருகிறவர்கள்தான் அதிகம்.

அரியாலை தாண்டியதும் கரை ஆளில்லாமல் வெளித்துப் போகிறது. சேற்றுத் திட்டுகளில் பவளக்காலி உள்ளான்கள் சிவப்புக் காலைத் தூக்கித் தூக்கி வைத்து நடக்கின்றன. இவற்றுக்குத் திருக்கைப் பயம் இல்லைப் போலும். பிறகு மருமகன் எஞ்சினை நிறுத்தி விரலை நீட்டினான். முதலில் வெள்ளைக் கோடு மாதிரித்தான் இருந்தது. கண் பழகியதும் கோடு அசைந்தது. பூநாரைகள். எண்ணத் தொடங்கிப் பாதியில் விட்டுவிட்டேன்.

கிட்டப் போகவேண்டாம் என்று மாமா சொல்லிவிட்டார். கிட்டப் போனால் எழும்பிவிடும். எழும்பினால் அவ்வளவு நேரமும் மேய்ந்தது வீண். தூரத்தில் நின்றே தொலைநோக்கியால் பார்த்தோம். தலையைத் தலைகீழாய்க் கவிழ்த்து, அலகைத் தண்ணீருக்குள் வைத்து, காலால் சேற்றைக் கலக்கிக்கொண்டே நகர்கின்றன. மேல் அலகு கீழே, கீழ் அலகு மேலே. அலகின் ஓரத்து மயிர் போன்ற சல்லடையில் சின்ன உயிர்களும் பாசியும் தங்க, தண்ணீர் வெளியே போய்விடும். அந்த இளஞ்சிவப்பும் தின்கிற தீனியிலிருந்து வருவதுதான். முட்டையிடுவதற்கு இவை கூட்டமாய்ச் சேரும் பெரிய இடம் குஜராத்தின் கச்சுப் பக்கம். அங்கேயிருந்து பார்த்தால் எங்களுடைய சேறு விருந்துமண்டபம். கூட்டத்தின் ஓரத்தில் ஊசிவால் வாத்துகள் நிறைய மிதந்தன; அவற்றையும் குளிர்காலம்தான் இங்கே துரத்திவிடுகிறது.

நேரே போனால் கேரதீவு, சங்குப்பிட்டி. 2011 இல் திறந்த அந்தப் பாலம் 288 மீற்றர். தூணில் நிற்கும் பாலம் என்பதால் மாமாவுக்கு அதில் கோபம் குறைவு. அது வருமுன் அங்கே பாதைதான் ஓடியது. வாகனத்தை ஏற்றிக்கொண்டு நகரும் மிதவைக்கு எங்களூரில் பாதை என்றுதான் பேர். யுத்தத்தோடு அந்த வழியும் போனது.

பாலத்தைக் கண்டதும் பேச்சு தானாகவே கிளாலிக்குப் போய்விட்டது. இன்னும் கிழக்கே, பச்சிலைப்பள்ளிக் கரையில் இருக்கிற ஊர். 90 களின் முற்பகுதியில் ஆனையிறவும் சங்குப்பிட்டியும் மூடிக்கிடந்தபோது, குடாநாட்டு ஆட்கள் வெளியே போகவும் வரவும் இருந்த வழி கிளாலிக் கடல்தான். இரவில், விளக்கில்லாமல். முன்னால் ஒரு எஞ்சின் படகு இழுக்க, பின்னால் கயிற்றில் கட்டிய வள்ளங்கள் வரிசையாய்ப் போகும். பல்கலைக்கழகம் போகிற பிள்ளைகள், கர்ப்பிணிகள், சைக்கிள், கோழி எல்லாம் அதில்தான். 1993 ஜனவரியில் அந்தக் கடலில் பயணிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மாமா அந்த நாட்களில் இழுவைப் படகில் வேலை செய்தவர். அவர் சொன்ன சிலதை இங்கே எழுதப்போவதில்லை. அவர் எனக்குச் சொன்னது, ஊருக்குச் சொன்னது அல்ல. ஒன்று மட்டும் சொல்கிறேன். கயிறு அறுந்தால் அடுத்த வள்ளத்துக்குக் கூப்பிட்டுச் சொல்லவும் முடியாது, சத்தம் போடக்கூடாது. கயிற்றின் இழுவை கையில் குறைந்ததை வைத்துத்தான் பின்னால் வள்ளம் இல்லையென்று தெரியுமாம்.

மத்தியானம் வெயில் ஏறியதும் காற்றுத் திரும்பிவிட்டது. நேரத்தோடு வந்துவிட்டோம்.

ஞாயிறு: தொண்டைமானாறு

பேரில் ஆறு இருக்கிறது, அதனால் இதற்குத் தனி நாள். இதுவும் ஆறல்ல, வடமராட்சிக் களப்பு வடகடலோடு சேரும் வாய். கருணாகரத் தொண்டைமான் என்ற சோழப் படைத்தலைவன் உப்பு ஏற்றுவதற்காக வெட்டித் திருத்திய கால்வாய் என்று சொல்வார்கள்.

வாயில் கதவணை நிற்கிறது. கடல்நீர் உள்ளே வராமல் தடுப்பதும், மழைநீரைத் தேக்கி மேலதிகத்தை வெளியே விடுவதும் அதன் வேலை. கதவணைக்கு மேலே, உட்பக்கத்தில், எஞ்சின் இல்லாத வள்ளம் ஒன்றில் ஒரு ஐயா கூட்டிப்போனார். வயது கேட்டேன், "எழுவதுக்கு மேலை" என்றதோடு நிறுத்திக்கொண்டார். கம்பு ஊன்றும் வேகத்தைப் பார்த்தால் நம்பமுடியாது.

கண்டற்காட்டுக்குள் வள்ளம் போனதும் வெயில் நின்றுவிட்டது. இரண்டு பக்கமும் சேற்றிலிருந்து ஆயிரக்கணக்கில் விரல் விரலாய் மூச்சுவேர்கள் மேலே நீட்டிக்கொண்டு நிற்கின்றன. சேற்றுக்குள் காற்று இல்லை. அதனால் வேரை மேலே அனுப்பித்தான் இந்த மரம் மூச்சுவிடுகிறது. வெண்கண்டல் இலை ஒன்றைப் பறித்து நக்கிப் பார்க்கச் சொன்னார் ஐயா. உப்பு. வேரால் உறிஞ்சும் உப்பில் மிஞ்சியதை இலையால் வெளியே தள்ளிவிடுகிறது; வெயிலில் பார்த்தால் இலையில் பொடியாய் மினுங்கும். பக்கத்தில் தில்லை மரம். அதில் மட்டும் கைவைக்கவேண்டாம் என்றார், பால் கண்ணில் பட்டால் கண் போய்விடும். வேர்களுக்கு நடுவில் ஒரு கை மட்டும் பெரிதான குட்டி நண்டுகள் அந்தக் கையை ஆட்டிக்கொண்டு நின்றன. பெரிய கை ஆணுக்குத்தான். பெண்ணைக் கூப்பிடவும் மற்ற ஆணை வெருட்டவும் அதே ஆட்டம்தான். எங்களுக்குள்ளும் அப்படி ஆட்கள் உண்டு.

நீர்க்காகம் ஒன்று சிறகை விரித்துக் காயப்போட்டபடி மொட்டைக் கொப்பில் இருந்தது. கூழைக்கடாக்கள் அப்பால், திறந்த தண்ணீரில். பறவைக்காகவே போகிறவர்கள் சரசாலைக் குருவிக்காட்டுக்கும் போங்கள். நான் இந்த முறை ரோட்டில் நின்று எட்டிப் பார்த்ததோடு சரி.

ஐயாவோடு பேசும்போதுதான் வெள்ளிக்கிழமை கேட்ட மதில் கதைக்கு மறுபக்கம் கிடைத்தது. யாழ்ப்பாணத்துக்கு ஒரு ஆறு என்ற திட்டம் எங்கள் வயதுக்காரருக்குப் பேப்பரில் வாசித்த சங்கதி. 1950 களில் பொறியியலாளர் ஆறுமுகம் முன்வைத்தது. கனகராயன் ஆறு கொண்டுவரும் மழைநீரை ஆனையிறவுக் களப்பில் கடலுக்குப் போகவிடாமல் மறித்து, அதை நன்னீராக்கி, முள்ளியானில் வாய்க்கால் வெட்டி வடமராட்சிக் களப்புக்கும் அங்கிருந்து உப்பாற்றுக் களப்புக்கும் கொண்டுவருவது. இரண்டு களப்பும் நன்னீரானால் பக்கத்துக் கிணறுகளும் உப்புத் தணியும் என்பது கணக்கு. சில அணைகள் வந்தன, முழுத்திட்டம் இன்றுவரை முடியவில்லை.

"முடிஞ்சால் நல்லம்தானே ஐயா?" என்று கேட்டேன்.

"தோட்டக்காரனுக்கு நல்லம். எனக்கு இறால் உப்புத் தண்ணியிலைதானே வளரும்?" என்றார். கம்பை ஒரு தரம் ஊன்றிவிட்டு, "என்ரை மகன் தோட்டம் செய்யிறான். அவன் வேறை மாதிரிச் சொல்லுவான்" என்றும் சேர்த்துக்கொண்டார்.

இந்த வழக்கில் எனக்கு உடனே தீர்ப்புச் சொல்ல வரவில்லை. எங்கள் வீட்டுக் கிணறு நாலைந்து வருடமாகக் கோடையில் கரிக்கிறது, அதனால் மனம் தோட்டக்காரர் பக்கம்தான் சாய்கிறது. ஆனால் திட்டத்தைப் பற்றி நான் வாசித்தவை எல்லாம் கிணறு, நெல்லு, வெங்காயம் என்றுதான் பேசின. இந்த ஐயாவின் இறாலைப் பற்றி ஒரு வரியும் என் கண்ணில் படவில்லை.

கரையேறினால் செல்வச்சந்நிதி. அன்னதானக் கந்தன் என்ற பேருக்கு ஏற்ப மடத்தில் சோறு கிடைத்தது. இந்தக் கோயிலில் எனக்குப் பிடித்தது பூசைமுறைதான். மீன்பிடித்து வாழ்ந்த மருதர் கதிர்காமர் தொடங்கியதாகச் சொல்லப்படும் வழிபாடு. அவர் வழிவந்தவர்களே இன்றும் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு, மந்திரம் எதுவும் சொல்லாமல் பூசை செய்கிறார்கள். ஆற்றங்கரை மக்களின் கோயில் ஆற்றங்கரை மக்களிடமே இருக்கிறது.

பின்னேரம் பக்கத்தில் வல்வெட்டித்துறைக்கு நடந்தேன். இங்கே கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல், ஊர்க் கடலோடிகளோடு 1938 இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம் வரை போய்ச் சேர்ந்தது. அந்தக் கரையில் இப்போது பிளாஸ்டிக் படகுகளைக் கவிழ்த்துப் போட்டு ஓட்டை அடைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

திங்கள்: ஊர்காவற்துறை, எழுவைதீவு

நெடுந்தீவைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று நேற்று இரண்டுபேர் கேட்டிருந்தார்கள். குதிரை, பெருக்கமரம், கல்வேலி என்று எல்லாரும் எழுதிவிட்டார்கள். இன்றைக்குச் சின்னத் தீவு.

காரைநகர் வரை பஸ். அங்கிருந்து ஊர்காவற்துறைக்குப் பாதை. மோட்டார் சைக்கிள்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், மீன் பெட்டிகள், ஒரு ஆட்டோ, நான். கண்ணுக்கு எட்டும் தூரம்தான், ஆனால் பாதை பழுதானால் யாழ்ப்பாண நகரைச் சுற்றிக்கொண்டு வரவேண்டும். இங்கே பாலம் கேட்டுக் கேட்டு ஒரு தலைமுறை போய்விட்டது. பக்கத்தில் நின்ற அக்கா ஒருவர் ஆசிரியை. "இரவிலை ஒருத்தருக்கு ஏலாமல் வந்தால் நாங்கள் படுகிற பாடு தெரியுமோ? எந்தப் பாலம் எண்டாலும் பரவாயில்லை, போடச்சொல்லுங்கோ" என்றார். அவரிடம் போய் மண்பாலம், தூண்பாலம் என்று நான் விளக்கம் சொல்லவில்லை. ஆனால் இங்கே எழுதலாம்: போடுவதென்றால் தூணில் போடுங்கள். மண் கொட்டி மூடினால் ஒரு பக்கத்து ஆட்களின் வழியைத் திறக்க மற்றப் பக்கத்து ஆட்களின் தொழிலை அடைத்ததாகிவிடும். காசு கூடத்தான் ஆகும்.

நடுக்கடலில் கடற்கோட்டை. போர்த்துக்கேயர் கட்டி, 1658 இல் ஒல்லாந்தர் பிடித்தது. பிறகு சிறையாகவும் இருந்தது, இப்போது கடற்படையின் விடுதி. சிறையறையில் காசு கொடுத்துப் படுக்க எனக்கு ஆசையில்லை.

ஊர்காவற்துறையிலிருந்து தீவுக்குப் போகும் படகில் சனத்தைவிடச் சாமான் அதிகம்: எரிவாயு சிலிண்டர், அரிசி மூட்டை, கட்டில் ஒன்று, பாண் பெட்டி. திறந்த கடலுக்கு வந்ததும் படகு குத்தத் தொடங்கியது. பரவைக்கடலில் மூன்று நாள் பழகிய எனக்கு இந்தத் தண்ணீரின் நிறமே புதிது. அடியில் சாதாளைப் புல்வெளி கறுப்புக் கறுப்பாய்த் தெரிகிறது. மீன்குஞ்சும் நண்டும் வளர்வது அதற்குள்தான். இழுவைமடி அடியை வாரிக்கொண்டு போனால் முதலில் அழிவது அந்தப் புல்தான். இழுவைமடியை 2017 இல் சட்டத்தால் தடைசெய்தார்கள். ஆனாலும் இரவில் அக்கரைத் தமிழ்நாட்டு இழுவைப்படகுகள் வருவதும் வலை அறுபடுவதும்தான் படகில் இருந்தவர்களின் முழுப்பேச்சும். அவர்களும் தமிழர்தானே என்று ஒருவர் தொடங்க, "வலை அறுந்தவனிட்டை உதைச் சொல்லாதை" என்று மற்றவர் நிறுத்திவிட்டார்.

எழுவைதீவை ஒரு காலையில் நடந்து முடித்துவிடலாம். பனை, கல்மண், வலை காயப்போட்ட முற்றங்கள், பூட்டிக்கிடக்கும் நிறைய வீடுகள். கரையில் சொறி என்கிற ஜெலிமீன் ஒதுங்கிக்கிடந்ததால் குளிக்க இறங்கவில்லை. அறிமுகமான ஒரு வீட்டில் பனங்கிழங்கு மாவில் ஒடியற்கூழ் காய்ச்சினார்கள். நண்டு, இறால், பயற்றங்காய், பலாக்கொட்டை, செத்தல் மிளகாய், பழப்புளி. மா கரைத்து விடுவது கடைசியில். பனையோலைப் பிளாவை நீட்டியபடியே அந்த வீட்டு அம்மா, "யாழ்ப்பாணத்து ஆக்களுக்கு உறைப்புக் காணுமோ?" என்று கேட்டார். அவருக்கு யாழ்ப்பாணம் என்பது அக்கரை. கண்ணீர் வடிய இரண்டாம் பிளாவும் வாங்கினேன்.

திரும்பும் படகு சொன்ன நேரத்துக்கு முன்னமே வெளிக்கிட்டுவிட்டது. ஓட்டி காற்றைப் பார்த்துவிட்டுத்தான் முடிவெடுப்பார், மணிக்கூட்டைப் பார்த்து அல்ல. ஓடிப்போய் ஏறினேன்.

அடுத்தது சுண்டிக்குளம். 1938 இலிருந்து பறவைச் சரணாலயம், 2015 இலிருந்து தேசியப் பூங்கா. முதலையும் இருப்பதால் அங்கே இறங்கி இழுத்து நடக்கிற கதை சரிவராது. அனுமதி கேட்டிருக்கிறேன். பங்குனிக்குள் கிடைத்தால் போவேன். சோளகம் பிறந்தால் பிறகு மாமாவே வரமாட்டேன் என்றுவிடுவார்.